பின் ஷாக் மாற்றினால் இடுப்பு வலி தீருமா? இரட்டை ஷாக், 350 சிசி, காங்கயம்–திருப்பூர் சாலை

காங்கயம் இட்டேரி

வணக்கம். என்னிடம் உள்ளது பின்பக்கம் இரட்டை ஷாக் அப்சார்பர் கொண்ட 350 சிசி வண்டி. வார நாட்களில் காங்கயத்திலிருந்து திருப்பூருக்குத் தனியாக ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை ஏற்றிக்கொண்டு தாராபுரம் சாலையிலுள்ள தோட்டத்திற்குப் போய், திரும்பும்போது ஒரு பை தேங்காயும் ஏற்றி வருவேன். தனியாகப் போகையில் தார்ச்சாலையில் ஒட்டுப்போட்ட இடம்கூட இடுப்பில் வந்து இடிக்கிறது. இருவராகத் தோட்டத்து இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், நுழைந்தாலோ, ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகு பின்பக்கம் மூன்று நான்கு முறை எழும்பித் தாழ்ந்துதான் அடங்குகிறது. ஒரே ஷாக் ஒருவருக்குக் கட்டையாகவும் இருவருக்குத் தொளதொளப்பாகவும் எப்படி இருக்க முடியும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

மெக்கானிக் ஜோடியையே மாற்றிவிடச் சொல்கிறார். வண்டியோடு வந்தது போன்ற அசல் ஜோடி ஒன்று, பக்கத்தில் குடுவை வைத்த மலிவான ஜோடி ஒன்று, அதைப்போல் பல மடங்கு விலை சொல்லும் வெளிநாட்டு ஜோடி ஒன்று எனக் கடையில் மூன்றைக் காட்டினார்கள். என் எடை 62 கிலோ. எதை வாங்கலாம்?

நாற்பது வளைவு

நண்பரே, அசல் ஷாக்கைவிட 20 மி.மீ. நீளமான, கட்டையான ஸ்பிரிங் கொண்ட ஜோடியைப் போடுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஆடாமல் ஏறுகிறது. குடுவை வைத்ததாகவே வாங்குங்கள். வாயு நிரப்பியது மென்மையாக இருக்கும்.

கணபதி லேத்துப் பட்டறை

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்து வண்டியை அளந்து பாருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கோளாறுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஷாக் அப்சார்பர் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் வேலை வேறான இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. வெளியே சுற்றியிருக்கும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது; மேட்டில் ஏறும்போது வரும் ஆற்றலைத் தன்னுள் வாங்கி வைத்து, உடனே திருப்பியும் கொடுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் டேம்பர், எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடுகிறது. டேம்பர் செத்துப்போன வண்டி குதிக்கும். ஸ்பிரிங் ஆளின் எடைக்குப் பொருந்தாத வண்டி இடிக்கும். உங்களுடையது இரண்டையும் செய்கிறது.

அளக்கும் முறை இது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, அச்சு நட்டின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே சட்டகத்தில் நீங்கள் ஒட்டிய ஒரு குறி வரை உள்ள தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது அதே தூரத்தை அளக்க வேண்டும். மூன்றாவதாக, ஹெல்மெட்டும் வேலைக்குக் கொண்டுபோகும் பையுமாக நீங்கள் ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள்; ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். இருவராக உட்கார்ந்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள். முதல் அளவிலிருந்து மற்றவற்றைக் கழித்தால் வருவதுதான் அமுங்கல். பின் சக்கரத்தின் மொத்த அசைவுத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையிலேயே அமுங்கியிருக்க வேண்டும்.

இந்த அமுங்கல் எதற்கு என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. மேடு வந்தால் சக்கரம் மேலே ஏற இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கவும் இடம் வேண்டும். ஆள் உட்கார்ந்தும் ஷாக் முழு நீளத்திலேயே நின்றால் சக்கரம் பள்ளத்திற்குள் தனியாக இறங்க முடியாது. வண்டி, ஆள், இருக்கை எல்லாம் சேர்ந்துதான் விழும். ஒட்டுப்போட்ட இடம் இடுப்பில் இடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சங்ககிரி லோடு

எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான் இது. பாரம் ஏற்றிய லாரி பள்ளத்தில் அமைதியாக இறங்கி ஏறும். அதே லாரி காலியாகத் திரும்பும்போது டிரைவரைக் கூரையில் முட்ட வைக்கும். லாரியின் பட்டை வில் ஸ்பிரிங்கைப் பாரத்திற்குக் கணக்கிட்டுப் போட்டிருப்பார்கள், காலி வண்டிக்கு அல்ல. 62 கிலோ ஆள், இருவருக்கென்று இறுக்கி வைத்த ஷாக்கில் தனியாகப் போனால் அவர் காலி லாரியில்தான் போகிறார்.

கோபி வாத்தியார்

இறுக்குவது என்ற சொல்லை எல்லோரும் புழங்குவதால் ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிவிடுகிறது என்று மெக்கானிக்குகளே சொல்வதுண்டு. அது சரியல்ல. ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் தேவைப்படும் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தைத் திருப்பி முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கி வைத்தால், முதல் 200 நியூட்டன் வரை ஷாக் அசையாது. அதற்குப் பிறகு அடுத்த ஒரு மி.மீ.க்கு முன்பு போலவே 20 நியூட்டன்தான் வேண்டும். ஆகவே ப்ரீலோட் எனப்படும் இந்த முன்னமுக்கம் வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மாற்றுகிறதே தவிர, சுருள்கள் சீராக அமைந்த ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதில்லை. சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் இடைவிட்டும் அமைந்த ஸ்பிரிங்குகளில் கதை கொஞ்சம் மாறும்: நெருக்கமான சுருள்கள் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எஞ்சியவை மட்டும் வேலை செய்வதால், அமுங்க அமுங்கக் கடினம் கூடும்.

பெருந்துறைக்காரி

ஓட்டுபவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் உட்கார்ந்து வருபவளாக நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறார். நாங்கள் ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். பின் சக்கரம் 5 செ.மீ. எழும்பினால் அவர் பாதியளவே எழும்புவார், நாங்கள் முழு 5 செ.மீ.யும் எழும்புவோம். என் கணவருடைய வண்டியில் நான் சொன்ன வலியை அவர் நம்பவே இல்லை. ஒரு நாள் நான் ஓட்ட, அவரைப் பின்னால் உட்கார வைத்துச் சிப்காட் வரை போன பிறகுதான் ஷாக்கைக் கழற்றிப் பார்த்தார். அண்ணா, உங்கள் மனைவியிடமும் கேட்டு எழுதுங்கள்.

காங்கயம் இட்டேரி

கேட்டேன் அக்கா. "ஷாக்கைப் பற்றி எனக்குத் தெரியாது, வேகத்தடைக்கு முன்னால் சொல்லிவிட்டு ஏற்றுங்கள், அதுவே போதும்" என்கிறார்.

அளவுகளும் எடுத்துவிட்டேன். பின் சக்கரத்தின் மொத்த அசைவு 95 மி.மீ. வண்டி தன் எடையில் 3 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது. நான் உட்கார்ந்தால் 18, இருவரும் தேங்காய்ப் பையும் சேர்ந்தால் 42. வளையம் ஐந்து படிகளில் நான்காவதில் இருக்கிறது; எப்போது யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. இடப்பக்க ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மண்ணும் இருக்கின்றன.

கணபதி லேத்துப் பட்டறை

நினைத்தது போலவே இருக்கிறது. 95 மி.மீ. அசைவுக்கு நீங்கள் தனியாக உட்காரும்போது 24 முதல் 31 வரை அமுங்க வேண்டும், உங்களுடையது 18. வளையத்தைத் திருப்பும் சி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இரண்டு படி இறக்கி மறுபடியும் அளந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவராகப் போகும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். தயாரிப்பாளர் அந்த ஸ்பேனரை டூல் கிட்டில் போட்டுத் தருவதே அதற்காகத்தான். வளையத்தின் படிகளில் மண் அடைத்திருந்தால் பெயின்ட் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்த பிறகு திருப்புங்கள், இல்லையென்றால் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகளைப் பெயர்த்துவிடும்.

இருவராகப் போகும்போது குதிப்பது ஸ்பிரிங்கின் குற்றமல்ல. 42 மி.மீ. என்பது மொத்த அசைவில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. இடப்பக்க டேம்பரில் எண்ணெய் போய்விட்டது. உறுதிப்படுத்த ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை அதற்குரிய அமுக்கியால் பிடித்து எடுத்துவிட்டு, தண்டைக் கையால் உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல டேம்பர் தள்ளும்போதும் இழுக்கும்போதும் இடையில் விடாமல் தடுக்கும். பெரும்பாலானவற்றில் இழுக்கும்போது தடை கூடுதலாக இருக்கும். இடையில் சிறிது தூரம் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கினால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். அமுக்கி இல்லாமல் கயிறு, கம்பி கட்டி ஸ்பிரிங்கைக் கழற்றாதீர்கள். முன்னமுக்கத்தோடு இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் முகம் தாங்காது.

கீழ்பவானி

டேம்பர் சரியாக இருக்கிறதா என்று கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்க நம் சாலைகளே உதவும். தனி வேகத்தடையில் இறங்கிய பிறகு வண்டி ஒருமுறைக்கு மேல் எழும்பினால், ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தைத் தடுக்கும் ரீபவுண்ட் டேம்பிங் போதவில்லை என்று கொள்ளலாம். ஊர் எல்லைகளில் வரிவரியாகப் போட்டிருக்கும் வெள்ளைத் தடிப்புக் கோடுகளின் மேல் போகும்போது முதல் கோடு மென்மையாகவும் கடைசிக் கோடு கட்டையாகவும் தெரிந்தால் அது இதற்கு நேர்மாறான நோய்: ரீபவுண்ட் டேம்பிங் அதிகமாகி, ஒரு கோட்டில் அமுங்கிய ஷாக் அடுத்த கோட்டிற்குள் விரிய நேரம் கிடைக்காமல், படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகிறது. விலை உயர்ந்த ஷாக்கை வாங்கி, அதன் திருகை ஆசைதீர இறுக்கி வைத்திருப்பவர்களிடம் இந்த நோயைப் பார்க்கலாம்.

வாய்க்கால் கரையில் தினமும் போகிறவன் என்ற முறையில் இன்னொன்று: காற்று. பெட்ரோல் பங்கில் எந்த வண்டி வந்தாலும் 35, 40 என்று ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் வண்டிக்குத் தனியாகப் போகும்போது எவ்வளவு, இருவராகப் போகும்போது எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதன்படி வையுங்கள். சிறு கற்களையும் தார் விரிசல்களையும் முதலில் விழுங்குவது டயர்தான். டயர் கல்லாக இருந்தால் எந்த ஷாக்காலும் ஈடுசெய்ய முடியாது.

நாற்பது வளைவு

நான் சொன்ன நீளமான ஷாக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. காசு போட்டு மாற்றுகிறவர் அசல் ஜோடியையே திரும்ப வாங்கினால் என்ன மேம்பாடு?

கணபதி லேத்துப் பட்டறை

பேசலாம். அச்சுகளுக்கு இடையே 1400 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால், முன் ஃபோர்க்கின் சாய்வு சுமார் 0.8 பாகை நிமிர்ந்துவிடும். எண் சிறியதுதான், ஆனால் ஹேண்டில் லேசாகி, நேர்சாலையில் நிலைத்து ஓடும் தன்மை குறைவதை ஓட்டும்போது உணரலாம். வால்பாறை வளைவில் திருப்ப எளிதாக இருக்கிறது என்று நீங்கள் மகிழ்வதற்கும், பொள்ளாச்சி நான்குவழிச் சாலையில் பெரிய லாரி கடக்கும்போது வண்டி அலைவதற்கும் காரணம் ஒன்றுதான். சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழாமல் போகலாம். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் கூடுதலாகக் கீழே சரிவதால் செயின் தளர்வை மறுபடியும் வைக்க வேண்டும். எந்த நீள ஷாக்காக இருந்தாலும், செயின் ஓடும் முன் பற்சக்கரமான ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிகவும் இறுக்கமாக இருக்கும். அந்த நிலையிலும் சிறிது தளர்வு மிஞ்ச வேண்டும்.

கட்டையான ஸ்பிரிங் மேம்பாடுதான், ஆள் கனமாக இருந்தால். 95 கிலோ ஆள் மென்மையான ஸ்பிரிங்கில் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் அடிவரை அமுங்கி ரப்பரில் முட்டும். அவருக்குக் கட்டையான ஸ்பிரிங்தான் சொகுசு. 62 கிலோ ஆளுக்கு அது தண்டனை. எவ்வளவு கட்டை என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கம்பியின் விட்டம் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது: மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்க, 7 மி.மீ. கம்பிக்குப் பதில் 7.5 மி.மீ. கம்பியில் சுற்றினாலே கடினம் சுமார் 32 சதவீதம் கூடிவிடும். சுருளின் எண்ணிக்கை குறைந்தாலும் கடினம் கூடும். அதனால்தான் ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் மென்மையாகும் என்று வெட்டிக் கொண்டுவருபவர்களிடம், நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரானதைச் செய்திருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது தொடும் சுருள் அசையாமல் போவதால் எஞ்சியவை கட்டையாகின்றன.

நாற்பது வளைவு

நேர்சாலையில் லேசாக அலைவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு மலைச்சாலைதான் தினசரி வழி. வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வரும்போது வண்டி நினைத்த தடத்திலேயே நின்றால் அதுவும் சொகுசுதான், இடுப்பு வலி மட்டுமே கணக்கு அல்ல. நான் மாற்றப்போவதில்லை.

கணபதி லேத்துப் பட்டறை

உங்கள் வழிக்கு அது பொருந்தலாம், மறுக்கவில்லை. கேள்வி கேட்டவர் ஓட்டுவது காங்கயம் சமவெளியில்.

சங்ககிரி லோடு

குடுவை வைத்த ஜோடியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். என் மருமகனும் அதைத்தான் வாங்கப் போகிறேன் என்று நிற்கிறான். பழைய ஷாக்கை எடுத்துவிட்டு நடுவில் ஒற்றை மோனோ ஷாக் வைத்துத் தருகிறோம் என்று ஒரு பட்டறையிலும் கேட்டு வந்திருக்கிறான்.

கோபி வாத்தியார்

குடுவையில் அடைத்த வாயு எடையைத் தாங்குவதற்காக அங்கே இல்லை. ஷாக் அமுங்கும்போது தண்டு உள்ளே நுழைகிறது; அது பிடிக்கும் இடத்திற்கு ஈடாக ஏதாவது ஒன்று சுருங்க வேண்டும், எண்ணெய் சுருங்காது. அதற்காகவே வாயு. வாயுவை அழுத்தத்தோடு வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: பிஸ்டன் வேகமாக அசையும்போது எண்ணெயில் குமிழிகள் தோன்றி நுரைப்பதை அந்த அழுத்தம் தடுக்கிறது. நுரை துளைகளின் வழியே எளிதாகப் போய்விடும் என்பதால் டேம்பிங் குறைந்துவிடும். நைட்ரஜனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது எண்ணெயோடு வினைபுரியாது, ஈரமும் இராது. தனிக் குடுவை உண்மையானதாக இருந்தால் அதற்குள் பிஸ்டனோ ரப்பர்ப் பையோ இருந்து வாயுவையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும். எண்ணெயின் அளவும் கூடுவதால், கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினாலும் சூடு ஏறித் தளர்வது தாமதமாகும். மலிவான ஜோடிகள் சிலவற்றில் குடுவைக்கும் ஷாக்கின் உள்ளறைக்கும் தொடர்பே இருப்பதில்லை, வெறும் அலங்காரம். ஈரோட்டு வெயிலில் அலங்காரத்திற்கும் சூடு ஏறும், அவ்வளவுதான்.

மோனோ ஷாக் நல்ல அமைப்புதான். 1973-இல் யமஹாவின் ஒற்றை ஷாக் வண்டியில் ஓகன் ஆண்டர்சன் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்ற பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் அந்த வண்டிகளின் சட்டகமும் ஸ்விங் ஆர்மும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இரட்டை ஷாக் வண்டியின் ஸ்விங் ஆர்ம், பின்முனை அருகே தாங்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. நடுவில் ஒரு ஷாக்கை வைத்தால் நெம்புகோல் நீளம் மாறுகிறது. சக்கரத்தில் கிடைக்கும் கடினம் அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறைகிறது. ஷாக் அமுங்கும் தூரம் சக்கரம் அசையும் தூரத்தில் பாதி என்றாகிவிட்டால், அதே கடினம் கிடைக்க நான்கு மடங்கு ஸ்பிரிங் வேண்டும். அந்த விசை முழுவதும் அதற்காகச் செய்யப்படாத ஒரு வெல்டிங் ஒட்டிலும் குழாயிலும் போய் இறங்கும். சட்டப்படியும், தயாரிப்பாளர் குறித்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வரும். மருமகனிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெருந்துறைக்காரி

பழைய ஷாக்கிலேயே எண்ணெயும், அது கசியாமல் தடுக்கும் சீலும் மாற்றித் தருகிறார்களே, அது எப்படி? என் ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் ஒற்றை ஷாக்தான். புதிது வாங்குவதற்கு முன் கேட்கிறேன்.

கணபதி லேத்துப் பட்டறை

திறந்து மூடும்படி செய்யப்பட்ட ஷாக்காக இருந்தால், தண்டின் குரோம் பூச்சு உரியாமல் இருந்தால், செய்யலாம் அம்மா. குரோமில் ஒரு கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் புது சீலை அது சில மாதங்களில் அரைத்துவிடும். பெரும்பாலான ஸ்கூட்டர் ஷாக்குகள் மேல்விளிம்பை மடித்து நிரந்தரமாக மூடப்பட்டவை. அதை வெட்டித் திறந்து மறுபடி ஒட்டுபவர்கள் உண்டு, நான் செய்வதில்லை. வாயு நிரப்பியதைத் தெருவோரத்தில் திறப்பது ஆபத்தும்கூட. உங்களுக்குப் புதியது வாங்குவதே மேல்.

காங்கயம் தம்பிக்கும் என் யோசனை அதுவே: அசல் ஜோடி. ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலும் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் இரு பக்கத் தடையும் வேறுபட்டு ஸ்விங் ஆர்ம் முறுக்கப்படும். ரீபவுண்ட் திருகும் தேர்ந்த ஸ்பிரிங்கும் உள்ள விலை உயர்ந்த ஜோடி உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் எடையைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு வாங்கினால்தான் அந்த விலைக்கு நியாயம் கிடைக்கும். கடையில் இருப்பதை எடுத்து மாட்டினால் கிடைக்காது. கழற்றும்போதே ஸ்விங் ஆர்ம் சுழலும் இடத்திலுள்ள புஷ்ஷையும் பார்த்துவிடுங்கள்: ஷாக் இல்லாத நிலையில் ஸ்விங் ஆர்மை இடம் வலமாக ஆட்டினால் தட்டும் ஓசை வரக் கூடாது.

காங்கயம் இட்டேரி

இரண்டு படி இறக்கிய பிறகு என் எடையில் 27 மி.மீ. அமுங்குகிறது. டயரில் 38 இருந்தது, கையேட்டின்படி குறைத்தேன். இவ்வளவு மட்டும் செய்ததிலேயே தனியாகப் போகும்போது வந்த இடி பெரும்பகுதி போய்விட்டது. அசல் ஜோடியையும் வாங்கி மாட்டியாயிற்று. கழற்றிய இடப்பக்க ஷாக்கின் தண்டு கையால் தள்ளியதும் பாதி தூரம் தடையே இல்லாமல் உள்ளே போனது. ஞாயிறன்று வளையத்தை நான்காம் படிக்கு ஏற்றி இட்டேரியில் போனோம். மேட்டில் ஏறி இறங்கினால் ஒரே எழும்பலில் அடங்குகிறது. மனைவி வேகத்தடையைச் சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு சந்தேகம். புது ஷாக்கின் கீழ்ப் போல்ட் பக்கத்தில், மெதுவாகப் போகும்போது ரப்பர் கிறீச்சிடும் ஓசை வருகிறது. கிரீஸ் வைக்கலாமா?

கணபதி லேத்துப் பட்டறை

ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் வைக்காதீர்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கியிருப்பார்கள். அப்படிச் செய்தால், வண்டி தரையில் இறங்கி அமுங்கியதும் ரப்பர் எந்நேரமும் திருகிய நிலையிலேயே இருக்கும். மேலும் கீழும் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில் இன்னொருவரை விட்டு, கையேட்டில் கொடுத்துள்ள டார்க் அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஓசை வந்தால் புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் கொண்டுவாருங்கள், ஒரு ஸ்லீவ் கடைந்து தருகிறேன்.